ஓடுகிற தொழிலை விலைக்கு வாங்கியவர்கள்

பம்பாயில் ஒரு பட்டறை கைமாறும்போது எழுதும் பத்திரத்தில் ஒரு வரி தவறாமல் இருக்கும். ‘ஓடிக்கொண்டிருக்கும் இந்தத் தொழிலை, அதன் சரக்கோடும் நற்பெயரோடும் சேர்த்து, முழுமையாக விற்கிறேன்’ என்பது அந்த வரி. லேத் பட்டறை, தோல் கிடங்கு, இட்லிக் கடை எதுவானாலும் இதே வாசகம்தான். டிராம்பே, செம்பூர், தாராவிப் பக்கத்துச் சின்ன முதலாளிகளுக்கு ஆயுளில் பெரும்பகுதி கணக்கெழுதியவன் நான். எத்தனையோ பத்திரங்களில் இந்த வரியைப் படித்திருக்கிறேன், சிலவற்றில் நானே எழுதியும் இருக்கிறேன். கெட்ட காலங்களில் இங்கே யார் விற்றார்கள், யார் வாங்கினார்கள், வாங்கியவர்களில் யார் தாக்குப்பிடித்தார்கள் என்பதைச் சொல்ல அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதை எழுதவைத்தது சட்டம். 1947இல் வந்த பம்பாய் வாடகைச் சட்டம் வாடகையைக் கட்டிப்போட்டது. குடியிருப்பவரைக் காலி செய்யவைப்பது அரிதாகிவிட்டது. அதே சட்டம், குடியிருப்பவர் தன் உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது என்றது. ஆனால் 1948இல் அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டு ஒரு கதவைத் திறந்துவைத்தது. ஓடுகிற தொழிலைச் சரக்கோடும் நற்பெயரோடும் முழுதாக விற்றால், அது நடக்கிற இடத்தின் வாடகை உரிமையும் அதோடு போகலாம் என்றது. வெறும் இடத்தை மாற்றினால் தவறு. தொழிலோடு மாற்றினால் சரி. இடத்துக்குத் தவித்துக்கொண்டிருந்த நகரத்தில் இதன் விளைவு பெரிது. நாலு சுவருக்காகத் தனக்குத் தெரியாத தொழிலை வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பழைய சரக்கை ஒரு மூலையில் தள்ளிவிட்டுத் தன் தொழிலைத் தொடங்குவார்கள். பத்திரத்தில் மட்டும் பழைய தொழில் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படி வாங்கியவர்களில் பலர் ஒன்றைக் கவனிக்கவில்லை. தொழிலை வாங்கினால் அதன் பாக்கிகளும் கூடவே வரும். விற்றவர் கட்டாத விற்பனை வரியை வாங்கியவரிடமும் கேட்கலாம். சேமநிதிச் சட்டத்தில் 1973இல் சேர்ந்த 17பி பிரிவின்படி பழைய முதலாளி கட்டாமல் விட்ட பி.எஃப். பாக்கிக்குப் புது முதலாளியும் பொறுப்பு. தொழில் தகராறுச் சட்டத்தில் 1957 முதல் இருந்த 25எஃப்எஃப் பிரிவு, தொழில் கைமாறும்போது ஆட்களின் வேலைத் தொடர்ச்சியும் சம்பள நிபந்தனையும் குறையாமல் தொடர வேண்டும், இல்லையென்றால் அவர்களுக்கு நஷ்ட ஈடு தர வேண்டும் என்றது. காலம் கெடும்போது பட்டறையின் விலை பாதியாகிவிடும். இந்தப் பாக்கிகள் ஒரு ரூபாய்கூடக் குறையாது. மலிவாகக் கிடைக்கிறது என்று பாய்ந்து வாங்கிய வெளியாட்கள் பலர் விழுந்தது இங்கேதான். பட்டறைக்குள்ளேயே இருந்த ஃபோர்மேன், கணக்கன், சரக்கு போட்டவர் ஆகியோர் வாங்கியபோது அதே பட்டறைகள் நின்றன. யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்த மெஷினில் என்ன கோளாறு, எந்த வாடிக்கையாளர் எத்தனை நாளில் காசு தருவார் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

டிராம்பேயில் இந்தத் தொழில்கள் எப்படி முளைத்தன என்று சொல்ல வேண்டும். கோலி மீனவர்களின் கிராமமும் படகுத்துறையும் சதுப்பும் குன்றுமாக இருந்த இந்த முனையில் 1954இல் ஸ்டான்வாக்கும் 1955இல் பர்மா ஷெல்லும் சுத்திகரிப்பு ஆலைகளை ஓட்டத் தொடங்கின. 1956இல் டாடாவின் அனல்மின் நிலையம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அப்சரா அணு உலை இயங்கியது. அறுபதுகளில் உரத் தொழிற்சாலையும் யூனியன் கார்பைடின் நாப்தா கிராக்கரும் சேர்ந்துகொண்டன. இவ்வளவு பெரிய ஆலைகள் ஓட வேண்டுமானால் வால்வு பழுதுபார்க்க, குழாய் வெல்டிங் செய்ய, கேஸ்கெட் வெட்ட, பீப்பாய் கழுவ, பெயின்ட் அடிக்க ஆள் வேண்டும். ஆலைகள் ஆண்டுக்கொருமுறை மராமத்துக்காக நிறுத்தப்படும். அந்த ‘ஷட்டவுன்’ நாட்களில் கிடைக்கிற வேலைதான் பல பட்டறைகளுக்கு வருஷம் முழுக்கச் சோறு போட்டது. முதலாளிகளில் செம்பூர் கேம்ப்பில் குடியமர்ந்த சிந்திக்காரர்களும் குஜராத்திகளும் உண்டு. கடைசல் பிடித்தவர்களிலும் வெல்டர்களிலும் நம்மவர்கள் நிறையப் பேர். திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கோலார் தங்கவயலிலிருந்தும் வந்து ஜனதா காலனியில் குடிசை போட்டவர்கள் அவர்கள்.

அணுசக்தி நிலையத்துக்கு நிலம் வேண்டும் என்று ஜனதா காலனியைக் காலி செய்யச் சொன்ன கதை டிராம்பே தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும். கோலாரிலிருந்து வந்த தச்சுத் தொழிலாளி ஏ. ஜோக்கின் அற்புதம் அதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். எமர்ஜென்சி காலத்தில், 1976 மே மாதம், சுமார் எழுபதாயிரம் பேர் கழிமுகத்தை ஒட்டிய சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டார்கள். ஜோக்கின் பிறகு தேசிய அளவில் குடிசைவாசிகளின் தலைவரானதும், 2000இல் மகசேசே விருது பெற்றதும் பதிவான வரலாறு. அங்கே ஓடிக்கொண்டிருந்த பட்டறைகளின் கதையை யாரும் எழுதவில்லை.

குடும்பத்துக்கு ஒரு சின்ன மனை கிடைத்தது. பட்டறைக்கு எதுவும் கிடைக்கவில்லை. புது இடத்தில் எப்போது மின்சாரம் வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மின்சாரம் இல்லாமல் லேத் எதற்கு? மாற்றம் உறுதியானதும் காலனி முழுக்க விற்பனை நடந்தது. டிரில்லிங் மெஷின் இரும்பு விலைக்குப் போனது. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரர் தன் லேத்தை விற்கவில்லை. தன்னிடம் வேலை பார்த்த இளைஞனை அழைத்து, “நீ எடுத்துக்கோ தம்பி, காசு வர்றப்போ குடு” என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. மான்குர்டில் ஒரு சிந்திக்காரரின் கொட்டகை ஓரத்தில் அந்த லேத்தை இறக்கிவைத்து ஓட்டிய அந்த இளைஞர் கடைசித் தவணைவரை மணியார்டரில் அனுப்பினார். ஒவ்வொரு ரசீதும் அவர் கணக்கில் இருக்கிறது. நான் ஒட்டிவைத்தவைதான் அவை.

குடிசைப் பகுதியில் வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. 1976 ஜனவரியில் குடிசைக் கணக்கெடுப்பு நடந்து போட்டோ பாஸ் கொடுத்தார்கள். அந்தப் பாஸை விற்க முடியாது. ஆனாலும் கைமாற்றம் நின்றதில்லை. முத்திரைத்தாளில் ஒப்பந்தம், பவர் ஆஃப் அட்டர்னி, மின்சார மீட்டர் பில், மாநகராட்சியின் குமாஸ்தா லைசென்ஸ் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் சேர்ந்து கைமாறும். ஒப்பந்த வாசகத்தில் அதே பழைய வரி வந்து உட்கார்ந்துகொள்ளும். கட்டடத் தெருக்களில் பிறந்த அந்த வரி எந்தச் சட்டமும் எட்டாத சந்துகளிலும் செல்லுபடியானதற்குக் காரணம், இரண்டு பக்கமும் அதை மதித்ததுதான்.

மாட்டுங்கா ஓட்டல்களில் இந்தக் கைமாற்றத்துக்கு இன்னொரு வடிவம் இருந்தது. 1973இல் வாடகைச் சட்டத்தைத் திருத்தி, பிப்ரவரி 1 அன்று லைசென்ஸில் இருந்தவர்களுக்கு வாடகைதாரர் உரிமை கொடுத்தார்கள். ஆனால் அடுத்தவருடைய ஓடும் தொழிலை நடத்திக் கொடுப்பவருக்கு அந்த உரிமை இல்லை என்றும் சட்டமே சொன்னது. அதற்குப் பிறகு இடத்தை வாடகைக்கு விடுவதைவிடத் தொழிலையே நடத்தக் கொடுப்பது பாதுகாப்பு என்று ஆகிவிட்டது. இதைக் ‘கண்டக்டிங்’ என்பார்கள். மாதம் இவ்வளவு ராயல்டி, கடைப்பெயர் பழையது, அடுப்பும் ஆட்களும் உன்னுடையது. கையில் காசில்லாத பாலக்காட்டு, திருநெல்வேலிச் சமையல்காரர் முதலாளியாகிற வழி அதுதான். நன்றாக நடத்தினால் சில வருஷத்தில் கடையையே வாங்கிவிடுவார். நஷ்டமானால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

தாராவியில் தோல் தொழில் இதற்கெல்லாம் மூத்தது. 1887 வாக்கில் அங்கே முதல் தோல் பதனிடும் கிடங்கு வந்தது. திருநெல்வேலி முஸ்லிம் முதலாளிகளும் அதே சீமையின் ஆதிதிராவிடத் தொழிலாளிகளும் சேர்ந்து வளர்த்த தொழில் அது. பக்கத்தில் பாந்திராவில் ஆடுமாடு அறுக்கும் இடம் இருந்தது, பச்சைத் தோல் வாசலுக்கே வரும். எழுபதுகளின் தொடக்கத்தில் அது தேவ்னாருக்கு மாறியது. அதே வேளையில், 1972இல் சீதாராமையா குழு அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தச் சொல்ல, அரசும் கோட்டா வைத்தது. தோலை முழுதாக முடித்து ஏற்றுமதி செய்ய மெஷின் வேண்டும், முதல் வேண்டும். சின்னக் கிடங்குக்காரர்களிடம் இரண்டும் இல்லை. அவர்கள் விற்றார்கள். வாங்கியவர்களில் சிலர் அந்த இடத்தில் பை, பெல்ட், பர்ஸ் தைக்க உட்கார்ந்தார்கள். தோல் தொட்டிகளின் மேல் பலகை போட்டுத் தையல் மெஷின் வைத்த பட்டறைக்கு நான் கணக்கெழுதியிருக்கிறேன்.

உள்ளே வேலை பார்த்தவர்களே வாங்கியதற்குப் பெரிய உதாரணம் குர்லாவில் இருக்கிறது. செம்பூரிலிருந்து பஸ்ஸில் போனால் காமானி என்று ஒரு நிறுத்தம் வரும். செம்பு, பித்தளைக் குழாய் செய்த காமானி ட்யூப்ஸ் அங்கேதான் இருந்தது. முதலாளிக் குடும்பத்துச் சண்டையில் 1985இல் ஆலை மூடியது. தொழிற்சங்கத் தலைவர் டி. தங்கப்பன் வழிகாட்ட, நாங்களே நடத்துகிறோம் என்று தொழிலாளர்கள் உச்சநீதிமன்றம்வரை போனார்கள். நலிவுற்ற ஆலைகளுக்காக அமைத்த பி.ஐ.எஃப்.ஆர். வாரியம் 1988இல் அவர்கள் திட்டத்தை ஏற்றது. தங்கள் சேமநிதிப் பணத்திலிருந்து பங்கு வாங்கினார்கள், சம்பளத்தையும் குறைத்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் செம்பூர் டீக்கடைகளில் பேச்சு முழுக்க இதுதான். அதில் வேலை பார்த்த ஒரு தமிழர் என்னிடம் வந்து, “அண்ணாச்சி, பி.எஃப். காசு பூரா போடச் சொல்றாங்க, போடலாமா?” என்று கேட்டார். ஆலையை உள்ளும் புறமும் தெரிந்தவர்கள் நீங்கள், போடுங்கள் என்றுதான் சொன்னேன். இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

முதல் சில ஆண்டுகள் நன்றாக ஓடியது. உற்பத்தியை அவர்களால் நடத்த முடிந்தது. செம்பு விலை ஏறி இறங்கும்போது நடைமுறை மூலதனத்துக்குக் கைகொடுக்கத்தான் ஆள் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் நஷ்டம் திரும்பியது. 2000இல் தொழிலாளர்கள் கல்பனா சரோஜிடம் போனார்கள். அகோலா மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்து, தையல் வேலையில் தொடங்கி, வீடு நில வியாபாரத்தில் முன்னேறியிருந்த தலித் பெண்மணி அவர். கடன் நூறு கோடிக்கு மேல், வழக்குகள் நூற்றுக்கு மேல். அவர் முதலில் மெஷின்களைப் பார்க்கப் போகவில்லை. வங்கிகளிடம் உட்கார்ந்து அபராதத்தையும் வட்டியையும் தள்ளுபடி செய்யவைத்தார். தொழிலாளர் பாக்கியைத் தீர்த்தார். 2006இல் நீதிமன்றம் நிறுவனத்தை அவர் பெயருக்கு மாற்றியது. 2013இல் பத்மஸ்ரீ. பாக்கிகளை முதலில் எண்ணியவர் அவர். வெளியாளாக வந்தும் அவரால் நிற்க முடிந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

1991 எங்களுக்கு நேரடியாக வந்த சோதனை. அந்நியச் செலாவணி தீர்ந்த அந்த ஆண்டு ஏப்ரலில், இறக்குமதிக்கு வங்கியில் கட்ட வேண்டிய ரொக்க முன்பணத்தை 200 சதவிகிதம்வரை ஏற்றினார்கள். ஜூலை 1ஆம் தேதியும் 3ஆம் தேதியும் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். அக்டோபரில் வங்கிக் கடன் வட்டி 20 சதவிகிதத்தைத் தொட்டது. வெளிநாட்டு ஸ்டெயின்லெஸ் கம்பியை நம்பியிருந்த பட்டறைகளில் சரக்கு இல்லை. பெரிய ஆலைகள் பில் காசைத் தள்ளிப்போட்டன. அந்த வருஷம் டிராம்பே சாலையில் ஒரு வால்வு பட்டறையை வயதான சிந்தி முதலாளி விற்க முடிவு செய்தார். வாங்கியவர் அவரிடமே இருந்த ஃபோர்மேன், நாங்குநேரிப் பக்கத்துக்காரர்.

அந்தக் கணக்கை நான் எழுதினேன். ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்த பணம், மனைவியின் நகைக்கு வாங்கிய அடகுக் கடன், ஊரில் கால் ஏக்கர். மூன்றும் சேர்ந்து விலையில் பாதிகூட வரவில்லை. மீதியைப் பட்டறை வரும்படியிலிருந்தே மாதாமாதம் வாங்கிக்கொள்கிறேன் என்று சேட் ஒப்புக்கொண்டார். இருபது சதவிகித வட்டிக் காலத்தில் விற்பவரே கடன் கொடுத்ததுதான் அந்த வியாபாரத்தின் உயிர். கையெழுத்தான மறுநாளே ஃபோர்மேன் செய்த காரியம் இன்றும் எனக்கு வியப்பு. சொந்தமாக இரும்பு வாங்கிச் செய்து கொடுக்கும் ஆர்டர்களை நிறுத்தினார். வாடிக்கையாளரே பொருள் கொடுக்க, கூலிக்கு மட்டும் கடைசல் பிடிக்கும் ஜாப் ஒர்க்குக்கு மாறினார். வரும்படி பாதியானது. ஆனால் இரும்பு விலை எங்கே போனாலும் அது அவர் கவலை இல்லை. நாலு மாதக் கடனுக்குக் கேட்ட ஒரு பெரிய ஆர்டரை வேண்டாம் என்றார். பழைய டர்னர்களில் ஒருவரையும் அனுப்பவில்லை. வேலை இல்லாத நாளில் பழைய வால்வுகளைக் கழற்றி அவர்களைக் கொண்டு சீர்செய்து அடுக்கினார். 1994இல் ஆலைகள் மறுபடி மராமத்துக்கு ஆட்களைத் தேடியபோது தயாராக இருந்த பட்டறை அவருடையது.

தாமதமாகப் பணம் தரும் பெரிய நிறுவனங்கள் சிறுதொழிலுக்கு வட்டி தர வேண்டும் என்று 1993இல் ஒரு சட்டம் வந்தது. 2006இல் அதைச் சேர்த்துக்கொண்ட புதுச் சட்டம் 45 நாள் என்று கெடு வைத்து, வங்கி வீதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்றது. என்னிடம் கணக்கு வைத்திருந்த ஒருவர்கூட அந்த வட்டியைக் கேட்டு வழக்குப் போடவில்லை. போட்டால் அடுத்த ஆர்டர் வராது என்பது எல்லோருக்கும் தெரியும்.

1992 டிசம்பரையும் 1993 ஜனவரியையும் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். கலவரத்தில் தாராவியை விட்டு ஓடியவர்களின் பட்டறைகளைச் சிலர் அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். பயத்தில் இருந்தவர்கள் கொடுக்கவும் தயாராக இருந்தார்கள். அப்படி இரண்டு ஒப்பந்தங்களை எழுதச் சொல்லி என்னிடம் வந்தார்கள். எழுதமாட்டேன் என்றேன். கெட்ட காலத்தில் வாங்குவது வேறு, ஒருவன் உயிருக்குப் பயந்து நிற்கும்போது அவன் கடையை வாங்குவது வேறு. இதை விட்டுக்கொடுக்க எனக்கு அன்றும் மனமில்லை, இன்றும் இல்லை.

பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 2008இல் கச்சா எண்ணெய் ஜூலையில் பீப்பாய்க்கு 147 டாலர், டிசம்பரில் 40க்குக் கீழே. தாராவி 13 காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக்கை அரைத்துத் ‘தானா’ ஆக்குகிறவர்களுக்கு இது இடி. புது பிளாஸ்டிக்கே மலிவானபோது மறுசுழற்சித் தானாவை யார் வாங்குவார்? கிடங்கில் உயர்ந்த விலைக்கு வாங்கிய குப்பை, வாசலில் பாக்கி கேட்டு ஆட்கள். 2016 நவம்பர் 8 அன்று புழக்கத்திலிருந்த பணத்தில் மதிப்பளவில் 86 சதவிகிதம் செல்லாது என்றானது. கையில் சம்பளம் கொடுத்துப் பழகிய பட்டறைகளில் ஆட்கள் உத்தரப் பிரதேசத்துக்கும் பீகாருக்கும் ரயிலேறினார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. 2020 மார்ச்சில் ஊரடங்கு, ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் தொற்று. அந்தக் கோடையில் என் தொலைபேசியில் வந்தவர்கள் எல்லோரும் விற்கவே கேட்டார்கள். வாங்கக் கேட்டு வந்த சிலரும் அந்தந்தப் பட்டறையிலேயே வேலை பார்த்தவர்கள்தான்.

ஜி.எஸ்.டி. சட்டத்தைப் படித்தபோது எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. ஓடுகிற தொழிலை முழுதாக மாற்றிக் கொடுத்தால் அந்த மாற்றத்துக்கு வரி இல்லை. மெஷினைத் தனித்தனியாக விற்றால் வரி உண்டு. விற்பவரிடம் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரியை ஐ.டி.சி.-02 படிவத்தில் வாங்குபவருக்கு மாற்றலாம். விற்றவரின் பழைய வரி பாக்கிக்கு வாங்கியவரும் பொறுப்பு என்று 85ஆம் பிரிவு சொல்கிறது. 1948இன் வாசகம் எழுபது வருஷம் கழித்து டெல்லியின் சட்டத்தில், அதே சலுகையோடும் அதே சுமையோடும் வந்து நிற்கிறது.

இப்போது தாராவியில் நிலைமை வேறு. 2022இல் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு மறுசீரமைப்பு ஏலத்தை எடுத்தது. 2024இல் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. தகுதி பெற, 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தள இடமா என்பதே கேள்வி. தகுதி இல்லாதவர்களை வெளியே குடியமர்த்த ஒதுக்கிய நிலங்களில் எங்கள் பக்கத்துத் தேவ்னார் குப்பைமேடும் ஒன்று. மாடியில் தையல் பட்டறை வைத்திருப்பவர், மூன்று கை மாறி வாங்கியவர் எல்லோரும் பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். வயதாகிவிட்டது, ஆனாலும் காகிதங்களைப் பார்த்துச் சொல்கிறேன்.

இந்த வருஷம் வந்த ஒரு பெல்ட் பட்டறை ஒப்பந்தத்தில் விலையை மூன்றாகப் பிரித்து எழுதினோம். ஒரு பங்கு இன்று. ஒரு பங்கு கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் வந்தபின். மூன்றாவது பங்கை, பழைய முதலாளியின் பி.எஃப்., ஜி.எஸ்.டி., மின்சாரப் பாக்கி எல்லாம் தீர்ந்ததற்கு ரசீது காட்டியபின் கொடுப்பது. வாங்குகிறவர் அங்கே பன்னிரண்டு வயதில் நூல் வெட்ட வந்தவர், இன்று கட்டிங் மாஸ்டர். தைக்கிற ஆறு பேரின் பழைய சர்வீஸ் காலத்தைத் தானே ஏற்றுக்கொள்வதாக ஒரு ஷரத்து சேர்க்கச் சொன்னார். பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறைக்குக் கிராஜுவிட்டிச் சட்டம் கட்டாயமில்லையே என்று வக்கீல் எடுத்துச் சொன்னார். “அவங்க இல்லாம நான் என்னத்த வாங்குறேன்?” என்று கேட்டுவிட்டு, ஆறு பேரின் பெயரையும் சேர்ந்த வருஷத்தையும் அவரே வரிசையாகச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன்.